குனிந்த முயல்

11

‘ஒரு அடிக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது?’ என்று சிலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு அடி என்று யார் சொன்னது? உதடு கிழிந்து, ஒரு காதில் கம்மல் இல்லாமல், கம்மல் இருந்த இடத்தில் உறைந்த ரத்தத்தோடு வந்து நின்றாள் என்றுதான் போன வாரம் எழுதினேன். எத்தனை அடி என்று அவளும் சொல்லவில்லை, நானும் எண்ணவில்லை. இந்த வாரம் எண்ணிவிடலாம்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நாலு வரி. படக்காரி குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் வரைகிறவள். பெற்ற அம்மாவிலிருந்து கீழ் வீட்டுப் பல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் படக்காரிதான். அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தொம்தொம் கரடி. கோபம் வந்தால் தொம் தொம் என்று குதித்து, தட்டை உடைத்து, மேஜையைக் கவிழ்த்து, கடைசிப் பக்கத்தில் அசடு வழிய உட்கார்ந்திருக்கும் குண்டுக் கரடி. ஐந்து புத்தகம் வந்தாயிற்று, ஆறாவது முடியப் போகிறது.

அந்தக் கரடிக்கு உடம்பு கொடுத்தவன் படக்காரியின் தம்பி. சின்ன வயதிலிருந்தே மூக்கு நுனியில் கோபம். அக்கா வரைவதற்காகக் கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் கடித்துக் காட்டுவான். அவன் வேலை செய்கிற கோடவுனில் அவன் பெயரே கரடி, அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. கிழிந்த உதட்டோடு வந்து நின்றவள் அந்தக் கரடியின் மனைவி. வந்து நான்கு நாள் ஆகிறது. நான்கு நாளாக வாசல் கதவில் சங்கிலி மாட்டியிருக்கிறது.

அன்று காலை ஒன்பது மணிக்குப் படக்காரி இன்னொரு தாளைக் கசக்கிப் போட்டாள்.

மாலை ஐந்துக்குள் கடைசி இரட்டைப் பக்கம் அச்சகத்துக்குப் போக வேண்டும். மற்ற முப்பது பக்கமும் காய்ந்து, மேஜையில் அடுக்கி இருந்தன. கடைசிப் படத்தில் கரடி மன்னிப்புக் கேட்கும், முயல் ஓடி வந்து அதைக் கட்டிக்கொள்ளும். பதிப்பாசிரியர் எட்டு மணிக்கே போன் செய்துவிட்டார்.

“கட்டிப்பிடிக்கிற ஒரு படம்தானேம்மா. அதுக்கு நாலு நாளா?”

அவருக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கரடி ஒழுங்காக வந்தது. முயலின் கைதான் வரவில்லை. எப்படி வரைந்தாலும் அது கட்டிக்கொள்கிற கையாக இல்லாமல் தள்ளுகிற கையாகவே வந்து விழுந்தது.

இப்படி மக்கர் பண்ணும்போது படக்காரி பழைய நோட்டுகளைத் தேடுவாள். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. சாப்பாட்டு மேஜையோ பஸ்ஸோ விருந்தோ, மடியில் ஒரு நோட்டும் விரலில் ஒரு கரித்துண்டும் இருக்கும். தாளைப் பார்க்கவே மாட்டாள். கண் ஆள் மேல் இருக்கும், வாய் ஊர்க்கதை பேசும், கை தன் பாட்டுக்கு ஓடும். மூலையில் தேதியும் நேரமும் போட்டு மூடிவிட்டால், ஏதாவது ஒரு நிலை தேவைப்படும்போதுதான் மறுபடி திறப்பாள். கரி அழியாமல் இருக்க மேலே தெளிக்கிற மருந்து ஒன்று உண்டு. நோட்டுக்கெல்லாம் யார் தெளிப்பது என்று விட்டுவிடுவாள். அதனால் அவற்றைப் புரட்டினால் விரல் கறுத்துப்போகும்.

படத்தாள்களைப் படுக்கவைக்கும் அகலமான இரும்பு இழுப்பறையிலிருந்து பழுப்பு அட்டை நோட்டை எடுத்தாள். மூன்று வருஷத்துக் குடும்பச் சாப்பாடுகள் அதில் இருந்தன.

நாலாவது பக்கத்தில் தம்பி மனைவி குனிந்திருந்தாள். எதிரே தம்பியின் கை தண்ணீர் ஜக்கை எடுக்க நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு அவள் கழுத்தை உள்ளே இழுத்து, இடது தோளைக் காது வரை தூக்கி, கண்ணை இறுக மூடியிருக்கிறாள்.

படக்காரிக்கு அந்தக் குனிதல் மனப்பாடம். அதற்கு இரண்டு நீளக் காதை ஒட்டவைத்து மூன்றாவது புத்தகத்தில் போட்டவளே அவள்தான். கரடி கையைத் தூக்கும்போதெல்லாம் பொத்தென்று குனிகிற முயல். பள்ளிக்கூடங்களுக்கு வாசிக்கப் போகும்போது படக்காரி ‘தொம்’ என்பாள். இருநூறு குழந்தைகளும் ஒன்றாகத் தலையைக் குனிந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரிக்கும்.

அடுத்த பக்கங்களைப் புரட்டினாள். அவன் உப்பை எடுக்கிறான், அவள் குனிகிறாள். அவன் தும்முகிறான், அவள் குனிகிறாள். ஒரு பக்கத்தில் மணிக்கட்டில் கட்டு. இன்னொன்றில் கன்னத்தில் நிழல் மாதிரி ஒன்று. விளக்கு அந்தப் பக்கம் இருந்தபோது நிழல் எப்படி அங்கே விழும் என்று இப்போதுதான் தோன்றியது. எல்லாப் படத்திலும் ஓரத்தில் அம்மா இருந்தாள், தன் தட்டையே பார்த்தபடி.

பதினேழு படம். எண்ணுவதாகச் சொன்னேன் அல்லவா, எண்ணியாயிற்று.

படக்காரிக்கு வெட்கமாக இருந்தது. பார்ப்பதுதான் என் தொழில் என்று மேடைக்கு மேடை பேசியவள் அவள்.

தம்பி மனைவி இரண்டு தம்ளர் காபியோடு உள்ளே வந்தாள். விரிந்து கிடந்த நோட்டைப் பார்த்தாள். தம்ளர்களைச் சிந்தாமல் வைத்தாள்.

“இது நீதானே?”

“நான்தான் அண்ணி.”

“மூணு வருஷமாவா?”

“அஞ்சு வருஷமா. உங்க நோட்டு மூணு வருஷத்துக்குத்தான் இருக்கு.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“அந்த முயல் புத்தகம் வந்தப்பவே பார்த்துட்டேன், இது நான்தான்னு. சரி, அண்ணிக்குத் தெரிஞ்சு போச்சு, இனிமே அவங்களே பேசுவாங்கன்னு காத்துட்டிருந்தேன்.”

“அப்புறம்?”

“நீங்க கையெழுத்துப் போட்டு எனக்கு ஒரு புத்தகம் குடுத்தீங்க.”

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் படக்காரி தாங்கியிருப்பாள்.

“என் கை பார்த்திருக்கு. நான் பார்க்கல” என்றாள் படக்காரி. “இத்தனையையும் வரைஞ்சுட்டு, உன்கிட்டயே இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோன்னு சொல்லியிருக்கேன்.”

“விடுங்க அண்ணி.”

“இனிமே விட மாட்டேன்.”

வாசல் மணி அடித்தது. இரண்டு பேரும் அசையவில்லை. யார் வந்தாலும் சங்கிலியை எடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆனால் சங்கிலி உரசுகிற சத்தம் கேட்டது.

“அம்மா, வேணாம்” என்று படக்காரி கத்தினாள்.

“வாசல்ல நிக்கறான்டி. பெத்தவ எப்படிப் பார்த்துட்டு இருக்கறது? ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேங்கறான்.”

ரெண்டு வார்த்தை பேச வந்தவன் குளித்து, தலை வாரி, சலவைச் சட்டை போட்டிருந்தான். வாசனையாக வேறு இருந்தான். இப்படிப்பட்டவர்களை அழுக்குச் சட்டையில் எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

“என்னக்கா, நான் மன்னிப்புக் கேக்கற படம் முடிஞ்சுதா?” என்று சிரித்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். “கிளம்பு.”

“நான் வரல.”

சிரிப்பு மாறவில்லை. அதே சிரிப்போடு அவள் பின்னலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தான். அவள் நெற்றி கதவு நிலையில் போய் மோதியது. இரண்டாவது தடவை அவனே மோதவைத்தான். புருவத்துக்கு மேலே தோல் பிளந்து, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

படக்காரி நடுவில் பாய்ந்தாள். முழங்கையால் ஒரே இடி, நெஞ்சில் மூச்சு நின்றது. மேஜை கவிழ்ந்தது. வர்ணத் தண்ணீர் ஜாடி சுவரில் வெடித்தது. புத்தகத்தில் இதற்கெல்லாம் ஒரு ‘தொம்’ போட்டு முடித்திருந்தாள். நிஜத்தில் கண்ணாடி உடைந்து பல்லைக் கூசவைத்தது, காலடியில் நொறுங்கியது, தம்பி மனைவியின் முழங்காலுக்குள் போய் நின்றது. காய்ந்து கிடந்த முப்பது பக்கத்தையும் அவன் மிதித்தான். கையில் அகப்பட்டதைக் கிழித்தான். கரடியைக் கரடியே கிழித்துப் போட்டது.

“போதும்டா, விடுடா” என்று அம்மா வாசலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை.

அவன் மனைவியைப் பின்னலோடு தரதரவென்று இழுத்தான். அவள் உடைந்த கண்ணாடி மேலேயே வழுக்கிக்கொண்டு போனாள். கதவு மூன்றடியில் இருந்தது. அந்தக் கதவைத் தாண்டினால் அவள் திரும்பி வர மாட்டாள் என்று படக்காரிக்குத் தெரிந்தது. கண்டதையும் துழாவிய கையில் தாள் வெட்டும் பெரிய கத்தரிக்கோல் அகப்பட்டது. அவன் கைக்கு ஒரு விரற்கடை கீழே வைத்து வெட்டினாள். முதல் வெட்டில் பாதி. இரண்டாவது வெட்டில் பின்னல் துண்டாகி, அவன் கையில் மயிரோடு மல்லாக்க விழுந்தான்.

விழுந்தவன் எழுந்து உட்கார்ந்து கையைப் பார்த்தான். கடைசிப் பக்கத்துக் கரடி மாதிரியே முகம் அசடு வழிந்தது. ஒரு கணம் படக்காரிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்காக அவளை நான் மன்னிக்கப் போவதில்லை, அவளும் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை.

“வெளிய போடா” என்றாள். “நீ பண்ணதெல்லாம் தேதி போட்டு இந்த நோட்டுல இருக்கு. போலீஸ்கிட்ட காட்டுவேன்.”

சொல்லியிருக்கக் கூடாது. அவன் கண் தரையில் கிடந்த பழுப்பு நோட்டுக்குப் போனது. அவள் முந்திக்கொண்டாள். நோட்டைப் பொறுக்கி, திறந்திருந்த இழுப்பறைக்குள் எறிந்து, அவன் கைக்கு எட்டாத மூலைக்குத் தள்ளினாள். வலது கை உள்ளேயே இருந்தது. அவன் பார்த்தான். பார்த்துத்தான் இழுப்பறையை உதைத்தான்.

எலும்பு முறிகிற சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறோம். பிஸ்கட் உடைகிற அளவுதான் இருந்தது. அவள் குரல்தான் தெருவரை போனது. அவன் காலை எடுத்து, இன்னொரு தடவை உதைத்தான்.

“அது அவ வரையற கைடா” என்றாள் அம்மா.

“தெரியும்மா” என்றான் அவன்.

மாடிப்படியில் காலடிச் சத்தம். கீழ் வீட்டுப் பல் டாக்டர் முகமூடியும் கையுறையுமாக ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் வாயில் பஞ்சை அடக்கிய ஒரு நோயாளியும் வந்தார். ஆட்களைக் கண்டதும் தம்பி சட்டையைச் சரிசெய்துகொண்டான். “குடும்ப விஷயம் டாக்டர்” என்று சொல்லிவிட்டு அவர்களை உரசிக்கொண்டு இறங்கிப் போனான். பின்னல் தரையில் கிடந்தது.

இழுப்பறை கோணிக்கொண்டு இறுகியிருந்தது. பல் பிடுங்குகிற கையால் டாக்டர் அதைப் பிடுங்கி, படக்காரியின் கையை வெளியே எடுத்தார். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் போகக் கூடாத திசையில் போயிருந்தன. படக்காரி அதைப் பார்த்துவிட்டு மயங்கினாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எப்படி ஆச்சு?”

“ட்ராயர்ல மாட்டிக்கிச்சு டாக்டர்” என்றாள் அம்மா. “வேலை அவசரம்.”

அம்மா பொய் சொல்லவில்லை, பாருங்கள். மாட்டிக்கொண்டது உண்மை. ஐந்து வருஷமாக அந்தக் குடும்பம் இப்படிப்பட்ட உண்மைகளில்தான் குடித்தனம் நடத்தியது.

“என் தம்பி உதைச்சான்” என்றாள் படக்காரி. “ரெண்டு தடவை. என் கை உள்ள இருக்குன்னு தெரிஞ்சு உதைச்சான்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தி, செவிலியிடம் ஏதோ சொன்னார். மூன்று மணிக்குப் பெண் போலீஸ் ஒருவர் வந்தார். நெற்றியில் ஏழு தையலோடு, கழுத்து வரை வெட்டுப்பட்ட முடியோடு, தம்பி மனைவி நடந்ததைச் சொன்னாள். போலீஸ்காரி நிதானமாக எழுதிக்கொண்டார்.

“இதுக்கு முன்னாடி புகார் ஏதாவது?”

“இல்ல.”

“அடிபட்டு எங்கயாவது காட்டினீங்களா?”

“காட்டினா வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுவேன்.”

போலீஸ்காரி பேனாவை மூடினார். “அப்ப இன்னிக்கு ஒரு நாள் கதைதான் கையில இருக்கு. ஏதோ கோபத்துல பண்ணிட்டேன்னு சொல்லிட்டு வெளிய வந்துருவாரு. வந்து நேரா எங்க வருவார்னு நான் சொல்ல வேண்டியதில்ல.”

“ஒரு நாள் இல்ல, பதினேழு நாள் இருக்கு” என்றாள் படக்காரி. நோட்டைப் பற்றிச் சொன்னாள்.

“படத்தை சாட்சின்னு எடுத்துப்பாங்களான்னு எனக்குத் தெரியலம்மா. ஆனா தேதி இருக்குன்னா கொண்டு வாங்க. எல்லாம் ஒரே நாள்ல இட்டுக்கட்டினதுன்னு சொல்ல முடியாது.”

தம்பி மனைவி மெதுவாகச் சொன்னாள். “நான் வேலை பார்க்கற கண்ணாடிக் கடையில லீவ் எழுதற நோட்டு இருக்கு. முகம் வீங்கின நாளெல்லாம் நான் லீவ். அந்தத் தேதியும் இந்தத் தேதியும் பக்கத்துப் பக்கத்துல வரும்.”

போலீஸ்காரி பேனாவை மறுபடி திறந்தார்.

“நான் போய் எடுத்துட்டு வரேன்” என்றாள் அம்மா. “சாவி என்கிட்டதான இருக்கு.”

கதவைத் திறந்துவிட்டவளையே மறுபடியும் அனுப்புகிறாளே என்று நீங்கள் திட்டுவது எனக்குக் கேட்கிறது. படக்காரியின் கை மாவுக்கட்டில் இருந்தது. தம்பி மனைவியின் முழங்காலிலிருந்து இன்னும் கண்ணாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வேறு அழுதிருந்தாள். படக்காரி தலையை ஆட்டினாள்.

ஐந்து மணிக்குப் பதிப்பாசிரியர் அழைத்தார். தம்பி மனைவி போனை அவள் காதில் வைத்துப் பிடித்தாள்.

“படம் எங்கம்மா? அச்சகத்துல ஆள் காத்துட்டிருக்காங்க.”

“வராது சார். அந்த முயல் கட்டிப்பிடிக்காது.”

“என்னம்மா விளையாட்டு இது? குழந்தைங்க கடைசியில சந்தோஷமா மூடணுமே.”

“மூடட்டும். ஆனா முயலைக் குனிய வெச்சு சிரிக்கவெச்சது நான். இனிமே முடியாது” என்றாள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணைக் காட்டி வைக்கச் சொன்னாள். பதினாறு வருஷமாகக் கட்டிக்காத்த வேலை அந்த ஒரு போனில் போயிருக்கலாம். அதற்கு அழ அன்று அவளுக்கு நேரமில்லை.

ஐந்தேகாலுக்கு அம்மா வந்தாள். கையில் இரண்டு நீல நோட்டு இருந்தது.

“பழுப்பு நோட்டு எங்கம்மா?”

“அங்க இல்லடி. அவன் எடுத்துட்டுப் போயிருப்பான்.”

“அவன் போறப்ப ட்ராயர் இறுகிக் கிடந்துச்சு, வீட்டுச் சாவியும் உன்கிட்டதான். அவன் எப்படி எடுப்பான்?”

“எனக்கென்ன தெரியும்? தேடிப் பார்த்தேன், இல்ல.”

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையைக் கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் இரண்டு கையையும் வைத்தாள். படக்காரி அந்தக் கைகளைப் பார்த்தாள். கழுவியிருந்தாள். ஆனால் கரி லேசில் போகாது. பத்து விரலின் ரேகையிலும் நகக்கண்ணிலும் கறுப்பு அப்பியிருந்தது.

காலையில் இருந்த படக்காரியாக இருந்தால் இதையும் கை பாட்டுக்கு வரைந்துவிட்டு மூடிவைத்திருப்பாள்.

“மேடம், உங்க பேனாவைக் கொஞ்சம் குடுங்க” என்று அங்கேயே காத்திருந்த போலீஸ்காரியிடம் கேட்டாள்.

எக்ஸ்ரே உறையைத் தொடைமேல் வைத்து, இடது கையால் வரைந்தாள். கோடு இரண்டாம் வகுப்புக் குழந்தை போட்டது போல ஆடியது. ஒரு பை. அதன் மேல் இரண்டு கை. விரல் நுனியெல்லாம் பேனாவால் கிறுக்கிக் கறுப்பாக்கினாள். மூலையில் தேதி போட்டாள், ஐந்து இருபது என்று நேரமும் போட்டாள். போலீஸ்காரியிடம் நீட்டினாள்.

“இதையும் சேர்த்துக்கோங்க. பதினெட்டாவது.”

அம்மா அதைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள். மெல்ல மடக்கிக்கொண்டாள். அப்போது பைக்குள் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் போன விதத்திலேயே அழைப்பது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“எடுங்கம்மா” என்றார் போலீஸ்காரி. “ஸ்பீக்கர்ல போடுங்க.”

அம்மா கறுத்த விரலால் தொட்டாள்.

“அம்மா, சொன்ன மாதிரி அந்த நோட்டை எரிச்சிட்டியா?”

தம்பி மனைவியின் கழுத்து உள்ளே போய், இடது தோள் மேலே ஏறியது. படக்காரி தன் இடது கையை அந்தத் தோள்மேல் வைத்தாள்.

“எரிக்கலடா” என்றாள் அம்மா. “எரிக்கத்தான் எடுத்தேன். எடுத்தவ ஒவ்வொரு பக்கமாப் பார்த்துட்டேன். எல்லாப் பக்கத்துலயும் நானும் இருக்கேன்டா.”

பைக்குள் கையை விட்டு, பழுப்பு நோட்டை எடுத்து மருமகளின் மடியில் வைத்தாள்.

அவன் போனை வைக்கவில்லை. நடைபாதையில் ஒலிபெருக்கி கரகரத்தது. “டோக்கன் நாற்பத்தி ரெண்டு, எக்ஸ்ரே அறைக்கு வரவும்.”

அதே குரல் போனுக்குள்ளிருந்தும் கேட்டது. “டோக்கன் நாற்பத்தி ரெண்டு, எக்ஸ்ரே அறைக்கு வரவும்.”

போலீஸ்காரி எழுந்து கதவுப் பக்கம் போனார்.